"இன்னும் 2 நிமிடம்" என்று திரையில் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மென்பொருள் எழுதும், எழுதப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

வந்தாறுமூலையில் படிப்பவர்கள், ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் படிப்பவர்கள், படித்து முடித்து ஊரில் இருந்தபடியே கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலை செய்பவர்கள், எல்லோருக்கும் பொதுவாகத்தான் இதை எழுதுகிறேன். நான் உங்கள் துறையைச் சேர்ந்தவள் அல்ல. பதினைந்து வருடத்துக்கு மேலாக ஓர் அலுவலகத்தில் கணினி இயக்குகிறேன். நீங்கள் எழுதியதை ஓட்டுவது என் வேலை. அது ஓடி முடியும்வரை எதிரே உட்கார்ந்திருக்கும் சனத்துக்குப் பதில் சொல்வதும் நான்தான்.

உங்கள் நிரல் ஓடும்போது "மீதமுள்ள நேரம்" என்று ஓர் எண்ணைக் காட்டுகிறீர்களே, அந்த எண்ணைப் பற்றித்தான் பேச வந்தேன். அதைக் கவனமாகக் கணக்கிடுங்கள். கணக்கிட முடியாத இடத்தில் முடியவில்லை என்று காட்டுங்கள். இவ்வளவுதான் என் கோரிக்கை. ஆனால் இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு விளங்காது.

ஒரு மார்கழி மாதம், நல்ல மழை. மண்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மா குருமண்வெளிக்குப் பாதையில் வந்து இறங்கி எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். பாதை என்றால் எங்கள் ஊர்களில் வாவியைக் கடக்கும் மிதவை. வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைச் சனத்துக்கு அது பஸ்ஸைப் போல. காற்று எழும்பினால் அது ஓடாது. அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது ஒரு பக்கக் கடிதம். அச்சடிக்க அரை நிமிடம் போதும். ஆனால் அன்று காலை தொடங்கிய வருட இறுதிக் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை தரவுத்தளம் பூட்டியிருக்கும், எந்தக் கடிதமும் எடுக்க முடியாது.

வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை திரையில் 98 வீதத்தில் நின்றது. பக்கத்தில் "இன்னும் 2 நிமிடம்" என்று இருந்தது.

"மகள், எவ்வளவு நேரம் செல்லும்? பாதைய விட்டா நான் சுத்தித்தான் போகணும்" என்று கேட்டார். நான் திரையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நிமிசம், இரிங்க அம்மா" என்றேன்.

பத்து நிமிடம் போனது. திரையில் அதே 2 நிமிடம். அரை மணித்தியாலம் போனது, அப்போதும் 2 நிமிடம். வேலை முடிந்தபோது ஐம்பது நிமிடத்துக்கு மேலாகிவிட்டது. கடிதத்தை அவர் கையில் கொடுத்தபோது வெளியே காற்று நன்றாக எழும்பியிருந்தது, பாதை நின்றுவிட்டது. பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போக ஓட்டோ பிடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பணம் அவர் கொண்டுவந்த கணக்கில் இல்லை. அவர் என்னைக் கோபிக்கவில்லை. "மெசின் என்ன செய்யும் மகள்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத்தான் அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசித்த விஷயம் ஒன்று இருக்கிறது. வேலை ஐம்பது நிமிடம் எடுத்தது பிழை இல்லை. பெரிய வேலைக்குப் பெரிய நேரம் ஆகத்தான் செய்யும். "இன்னும் ஒரு மணித்தியாலம்" என்று அந்தத் திரை சொல்லியிருந்தால், "இன்றைக்குப் போய்விட்டு நாளைக்கு வாங்க அம்மா" என்று நான் அவரை அனுப்பியிருப்பேன். எதுவுமே சொல்லாமல் இருந்திருந்தாலும் அனுப்பியிருப்பேன். 2 நிமிடம் என்று எழுதியிருந்ததால்தான் அவரை இருத்தி வைத்தேன். இரண்டே நிமிடம் என்று இருக்கும்போது ஒரு வயதானவரை எப்படித் திருப்பி அனுப்புவது?

அதே மென்பொருளில் இன்னொரு நாள் எங்களோடு வேலை செய்யும் ஒருவர், 99 வீதத்தில் நெடுநேரம் நின்றதைப் பார்த்து, கணினி இறுகிவிட்டது என்று நினைத்து நிறுத்திவிட்டார். உண்மையில் அது உள்ளே எழுதிக்கொண்டுதான் இருந்தது. பாதி எழுதிய கோப்பு கெட்டுப்போய், இரண்டு நாள் பதிவுகளை மறுபடி அடித்தோம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று அறிய அவருக்கு எந்த வழியும் இருக்கவில்லை.

அதன் பிறகு அதை எழுதிய தம்பியோடு தொலைபேசியில் பேசக் கிடைத்தது. நல்ல பிள்ளை, எதையும் மறைக்கவில்லை. அந்த வேலை நான்கு கட்டமாக நடக்கிறது: பதிவுகளை வாசிப்பது, ஒன்றோடொன்று ஒப்பிடுவது, வரிசைப்படுத்திப் புதிய அட்டவணையை வட்டில் எழுதுவது, கடைசியாக ஒரு பிரதியைக் கொழும்புக்கு அனுப்பிப் பதிலுக்குக் காத்திருப்பது. அவர் எண்ணியது முதல் கட்டத்தை மட்டும். வாசிப்பை 0 இலிருந்து 98 வரை நீட்டி, மற்ற மூன்றையும் கடைசி 2 வீதத்துக்குள் அடைத்திருந்தார். "அக்கா, அது சனம் பயப்படாமல் இருக்க வைத்த பட்டைதானே" என்றார்.

அந்த வார்த்தைதான் என்னைப் படிக்க வைத்தது. அன்றிலிருந்து இரவுகளில் பைதான் என்ற நிரல் மொழியைப் படித்தேன். இப்போது எங்கள் மேசைக்குத் தேவையான சின்னச் சின்ன நிரல்களை நானே எழுதுகிறேன். ஆகவே இனிச் சொல்வது, உங்கள் பக்கத்திலும் கொஞ்சம் நின்று பார்த்தவள் சொல்வது.

என் அம்மப்பா ஒரு வட்டையில், அதாவது வயல்வெளியில், வேலையை மேற்பார்க்கும் முல்லைக்காரராக இருந்தவர். வெள்ளாமை வெட்டு நாளில் வயல் சொந்தக்காரரான போடியார் வந்து "எப்ப முடியும்?" என்று கேட்டால் அம்மப்பா உடனே பதில் சொல்லமாட்டாராம். முதல் வரவையை (வரம்பு கட்டிய வயல் துண்டை) வெட்டி முடிக்கட்டும் என்பார். அது முடிந்ததும் எழும்பி நின்று மிச்ச வரவைகளைப் பார்ப்பார். எந்த வரவையில் பயிர் சாய்ந்து கிடக்கிறது, எதில் இன்னும் தண்ணீர் வற்றவில்லை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வெட்டுக்காரரின் கை எவ்வளவு மெதுவாகும், இதையெல்லாம் கூட்டிக் கழித்துத்தான் "அசருக்குப் பிறகு ஆகும்" என்பார். அசர் என்றால் பின்னேரத் தொழுகை. வெட்டுக்காரரில் பாதிப் பேர் முஸ்லிம் ஆட்கள், நேரத்தை அப்படித்தான் எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள். நடுவில் மழை தூறினால் தானாகவே போடியாரிடம் போய், "நான் சொன்னது பிழைக்கும், நாளைக்குத்தான்" என்று சொல்லிவிடுவாராம். அம்மா இதை எனக்குச் சின்ன வயதில் சொன்னார். மென்பொருள் படிக்கும்போது பார்த்தால் நீங்கள் செய்ய வேண்டியது எல்லாம் அதற்குள் இருந்தது.

சாதாரணக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 12,000 பதிவில் 3,000 முடிய 10 நிமிடம் ஆனால், மிச்சம் 9,000 க்கு 30 நிமிடம். எல்லா வரவையும் ஒரே மாதிரி இருந்தால் இது சரி. சாய்ந்த பயிர் எங்கே கிடக்கிறது என்று பார்க்காமல் இந்தக் கணக்கைப் போடுவதுதான் பிழை.

எங்கள் மென்பொருளின் இரண்டாம் கட்டத்தையே எடுங்கள். ஒரே ஆள் இரண்டு தடவை பதியப்பட்டிருக்கிறாரா என்று பார்க்க, ஒவ்வொரு பதிவையும் அதற்கு முன் வந்த எல்லாப் பதிவுகளோடும் ஒப்பிடுகிறது. முதலாவது பதிவுக்கு ஒப்பிட ஒன்றுமில்லை. பன்னிரண்டாயிரமாவது பதிவுக்கு 11,999 ஒப்பீடு. இந்தக் கட்டத்துக்குப் பதிவுகளை எண்ணும் பட்டை ஒன்றை வைத்தால், 6,000 ஆவது பதிவில் அது பாதி முடிந்துவிட்டது என்று காட்டும். உண்மையில் அதுவரை செய்தது ஏறத்தாழ 1 கோடி 80 லட்சம் ஒப்பீடு. மொத்தம் 7 கோடி 20 லட்சம். அதாவது கால்வாசிதான் முடிந்திருக்கிறது. அந்தப் பாதிக்கு 20 நிமிடம் ஆகியிருந்தால் உங்கள் திரை "இன்னும் 20 நிமிடம்" என்னும், ஆனால் இருப்பதோ ஒரு மணித்தியாலம். பதிவுகளை எண்ணாமல் ஒப்பீடுகளை எண்ணுங்கள், கணக்கு தானாகச் சரிவரும். (இவ்வளவு ஒப்பீடே தேவையில்லாமல் முதலில் வரிசைப்படுத்திவிட்டுப் பார்க்கலாம் என்பது வேறு கதை. அதையும் செய்தால் புண்ணியம்.)

கோப்புகளை நகர்த்துவதிலும் இதே குழப்பம்தான். ஒரு கலியாண வீடியோ ஒரு ஜிபி இருக்கும், அது ஒரே கோப்பு. பழைய பதிவேடுகளை ஸ்கேன் பண்ணினால் அதே ஒரு ஜிபி ஆயிரக்கணக்கான சின்னக் கோப்பாக இருக்கும். ஒவ்வொரு கோப்பையும் திறந்து மூடவே ஒரு நேரம் போகிறது. பைட்டை மட்டும் எண்ணினாலும் பிழைக்கும், கோப்பை மட்டும் எண்ணினாலும் பிழைக்கும். ஒரு கோப்புக்கு இவ்வளவு, ஒரு மெகாபைட்டுக்கு இவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாக அளந்து கூட்டினால்தான் கிட்டவாவது வரும். பென் டிரைவில் பட்டை கடகடவென்று ஓடிக் கடைசியில் நிற்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கணினி முதலில் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம்தான் மெதுவாக டிரைவில் எழுதுகிறது. நினைவகத்துக்குள் போனதை "முடிந்தது" என்று எண்ணாதீர்கள். அதை நம்பி டிரைவை இழுத்தவர்கள் எத்தனையோ பேர் எங்களிடம் வந்து நின்றிருக்கிறார்கள்.

சரி, வேகம் கூடிக் குறையும்போது என்ன செய்வது? தொடக்கத்திலிருந்து வந்த சராசரியை எடுத்தால் இப்போது இணையம் படுத்துவிட்டது என்பதை எண் காட்டாது. கடைசி ஒரு செக்கன் வேகத்தை மட்டும் எடுத்தால் 3 நிமிடம், 2 மணித்தியாலம், 8 நிமிடம் என்று எண் துள்ளும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: புதிதாக அளந்த வேகத்தில் ஒரு பங்கு, பழைய மதிப்பில் மிச்சப் பங்கு என்று ஒவ்வொரு தடவையும் கலந்துகொண்டு போவது. பைதானில் பலர் பாவிக்கும் டிக்யூடிஎம் என்ற நூலகம் இதைத்தான் செய்கிறது. நீங்கள் மாற்றாவிட்டால் புதிய அளவுக்கு 0.3 பங்கு கொடுக்கும். அந்தப் பெயரே 'தகத்தும்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. முன்னேற்றம் என்று பொருள். மதரசாவில் ஓதிய தம்பிமாருக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. நூலகத்தை எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். நீங்கள் எதை எண்ணக் கொடுக்கிறீர்களோ அதைத்தான் அது எண்ணும். பிழையானதைக் கொடுத்தால் அந்தப் பிழையையே அழகாக வழவழப்பாக்கிக் காட்டும்.

நான்கு கட்டத்துக்கும் எத்தனை பங்கு கொடுப்பது என்று அந்தத் தம்பி கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. அந்த மழை நாளுக்குப் பிறகு மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். எந்த வேலை, எத்தனை பதிவு, எத்தனை மணிக்குத் தொடங்கியது, திரையில் எழுத்து மாறியது எப்போது, முடிந்தது எப்போது என்று ஒவ்வொரு தடவையும் எழுதுவேன். சில மாதத்திலேயே திரையைவிட அந்தக் கொப்பி சரியாகச் சொல்லத் தொடங்கிவிட்டது. இப்போது யாராவது கேட்டால் நான் திரையைப் பார்ப்பதில்லை, கொப்பியைத்தான் பார்க்கிறேன். இதை உங்கள் நிரலே செய்யலாமே. ஒவ்வொரு தடவை ஓடி முடியும்போதும் ஒவ்வொரு கட்டத்துக்கும் போன நேரத்தை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைக்கட்டும். அடுத்த தடவை அதிலிருந்து தொடங்கட்டும். கடைசி ஐந்து தடவை எடுத்த நேரங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால் என்றோ ஒரு நாள் நடந்த கூத்து கணக்கைக் குழப்பாது. பத்து இருபது வரி கோட், அதற்கு மேல் இல்லை.

சிலர் என்னிடம் ஆராய்ச்சியைக் காட்டுவார்கள். 1985 இல் பிராட் மையர்ஸ், அப்போது டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர், 48 மாணவரைக் கொண்டு பரிசோதித்தார். முன்னேற்றப் பட்டை இருப்பதையே 86 வீதமானவர்கள் விரும்பினார்கள். பட்டை அவ்வளவு சரியாக இல்லாவிட்டாலும் சனம் பெரிதாகக் கவலைப்படவில்லை என்றும் அவர் கண்டார். 2007 இல் கிறிஸ் ஹரிசனும் கூட்டாளிகளும் இன்னொன்றைக் காட்டினார்கள்: கடைசியில் வேகமாக ஓடும் பட்டையைப் பார்ப்பவர்களுக்கு, அதே நேரம் எடுத்தாலும், வேலை சீக்கிரம் முடிந்தது போல இருக்கும். இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆராய்ச்சிகளில் திரைக்கு முன்னால் இருந்தவர்தான் காத்திருந்தவரும். அவருக்குப் பிடிக்க வேண்டிய பாதை எதுவும் இல்லை. எங்கள் மேசையில் திரையைப் பார்ப்பது நான், காத்திருப்பது இன்னொருவர். பட்டை அழகாக ஓடி என் மனம் ஆறுவதால் அவருக்கு என்ன கிடைக்கும்? அவருக்குத் தேவை இருக்கவா போகவா என்று முடிவெடுக்க ஒரு தகவல். ஆகவே கண்ணை ஏமாற்றி நேரத்தைச் சுருக்கிக் காட்டும் வித்தையை விளையாட்டுச் செயலிகளில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில், வைத்தியசாலையில், சனம் வரிசையில் நிற்கும் எந்த இடத்திலும் அதைச் செய்யாதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க இடமில்லை.

எல்லாவற்றுக்கும் எண் வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. பத்து செக்கனுக்குள் முடியும் வேலைக்கு நேரக் கணக்கு எதற்கு? சுழலும் ஒரு வட்டம் போதும். ஒரு நிரல் எப்போதாவது நிற்குமா என்பதையே எல்லா நிரலுக்கும் பொதுவாகக் கண்டுபிடிக்கும் வழி கிடையாது என்று 1936 இலேயே அலன் டியூரிங் நிறுவிவிட்டார் என்று ஒரு தங்கை எனக்குச் சொன்னார். உண்மைதான். ஆனால் தங்கச்சி, நீங்கள் எழுதுவது எல்லா நிரலும் இல்லையே. 12,000 பதிவை வாசித்து ஒப்பிட்டு எழுதும் ஒரு நிரல். அதன் வாலும் தலையும் உங்களுக்குத் தெரியும். கொழும்பிலிருந்து பதில் வரும்வரை காத்திருக்கும் கட்டம் மாதிரி, உங்கள் கையில் இல்லாத இடம் வரும்தான். அங்கே எண்ணை எடுத்துவிட்டு, "கொழும்பின் பதிலுக்காகக் காத்திருக்கிறது, 6 நிமிடமாக" என்று காட்டுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் அன்றைக்கு எங்கள் ஆள் அதை நிறுத்தியிருக்கமாட்டார்.

எண்ணைக் காட்டும்போதும் "39 நிமிடம் 17 செக்கன்" என்று காட்டாதீர்கள். அந்தப் பதினேழு செக்கன் உங்களுக்கே தெரியாது. "35 முதல் 45 நிமிடம்" என்றால் நான் சனத்துக்கு அப்படியே சொல்லலாம். அதைவிட நல்லது முடியும் நேரத்தைச் சொல்வது: "பி.ப. 3.20 அளவில் முடியும்." சனம் பஸ்ஸையும் பாதையையும் பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் மணிக்கூட்டை வைத்துத்தான் கணிக்கிறது. பக்கத்தில் "12,000 இல் 7,340" என்று எண்ணிக்கையும் இருக்கட்டும். அது கூடிக்கொண்டு போனால் ஓடுகிறது என்று நானே கண்டுகொள்வேன். நேரம் கூடப்போகிறது என்று தெரிந்தால் கூட்டிக் காட்ட வெட்கப்பட வேண்டாம். என் அம்மப்பா மழை தூறியதும் போடியாரிடம் போய்ச் சொன்னது அதுதான்.

எங்கள் பக்கக் கணினிகளுக்கு என்று இரண்டு விஷயம் இருக்கிறது. என் வயதுக்காரருக்குப் "பழைய நேரம், புதிய நேரம்" நினைவிருக்கும். 1996 மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தார்கள், 2006 ஏப்ரல் 15 இல் இன்னொரு அரை மணித்தியாலம் பின்னே வந்து பழையபடி ஆனது. எங்கே போனாலும் "எந்த நேரம்?" என்று கேட்டுவிட்டுத்தான் போவோம். எங்கள் அலுவலகத்துப் பழைய கணினிகளில் இன்றைக்கும் அந்தக் கூத்து நடக்கிறது. உள்ளே இருக்கும் சின்ன பற்றரி செத்திருக்கும். கரண்ட் வந்ததும் ஏதோ ஒரு பழைய வருடத்தில் தொடங்கி, இணையம் கிடைத்ததும் நேரம் இன்றைக்குத் தாவும். உங்கள் நிரல் அந்த மணிக்கூட்டைக் கழித்துத்தான் சென்ற நேரத்தைக் கணக்கிடுகிறது என்றால் திரையில் என்ன வரும் என்று யோசியுங்கள். நான் கழித்தல் குறியோடு நிமிடங்களைப் பார்த்திருக்கிறேன். பின்னே போகாத மணிக்கூடு பெரும்பாலான நிரல் மொழிகளில் இருக்கிறது. பைதானில் அதற்கு மோனோட்டோனிக் என்று பெயர். அதையே பாவியுங்கள்.

மற்றது கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். இத்தனை மணிக்குப் போகும் என்று அட்டவணை கையில் இருக்கும். வேலை அதற்குள் முடியுமா என்று தெரிந்தால்தான் தொடங்கலாம். அந்த மாதங்களில் மீதமுள்ள நேரம் என்ற எண்ணைப் போல எனக்கு வேண்டியதாக வேறொன்றும் திரையில் இருக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு ஐந்நூறு பதிவுக்கும் ஒரு தடவை எங்கே நிற்கிறோம் என்று குறித்து வையுங்கள், கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கட்டும். அதில் ஒரு பொறி இருக்கிறது. 8,000 இலிருந்து தொடங்கிய நிரல், ஒரு நிமிடத்தில் 8,200 முடித்துவிட்டதாக எண்ணி, மிச்சத்துக்கு அரை நிமிடம் என்று காட்டும். இந்தத் தடவை முடித்தது 200 தான். அதை மட்டும் வைத்து வேகத்தைக் கணக்கிட்டால் மிச்சம் 3,800 க்கு 19 நிமிடம். என் முதல் நிரலில் நானே இதில் மாட்டினேன்.

இனித் தமிழ். இதை யாரும் கவனிப்பதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். "மீதம்: 2 மணி" என்று ஒரு திரை காட்டியது. அது இரண்டு மணித்தியாலமா, இரண்டு மணிக்கு முடியுமா? அப்போது நேரம் ஒன்றே கால். கவுண்டரில் நின்ற ஐயா ஒருவர் இன்னும் முக்கால் மணித்தியாலம்தான் என்று எண்ணி நின்றார். நேர அளவுக்கு மணித்தியாலம் என்று நல்ல சொல் எங்களிடம் இருக்கிறது, அதை எழுதுங்கள். நேரப் புள்ளிக்கு "2 மணிக்கு" என்று வேற்றுமை உருபோடு எழுதுங்கள். "1 நிமிடங்கள்" என்று வருவதையும் பார்க்கிறேன். எண்ணைப் பார்த்து ஒருமை பன்மை மாற்றும் வழி பல மொழிபெயர்ப்புக் கருவிகளில் இருக்கிறது. இல்லாவிட்டால் "5 நிமிடம்" என்றே எழுதிவிடலாம், தமிழில் அது பிழையில்லை.

மோசமானது சொல் ஒழுங்கு. ஆங்கிலத்தில் முடிந்தது முன்னே, மொத்தம் பின்னே. தமிழில் மொத்தம் முன்னே வரவேண்டும்: "12,000 இல் 7,340." நீங்கள் ஆங்கில வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டி, நடுவில் எண்ணைச் செருகி, துண்டுகளை மட்டும் மொழிபெயர்க்கக் கொடுக்கிறீர்கள். மொழிபெயர்ப்பவருக்கு ஒழுங்கை மாற்ற இடம் இல்லை. கடைசியில் "7,340 இல் 12,000 முடிந்தது" என்று வருகிறது. முழு வாக்கியத்தையும் ஒன்றாகக் கொடுத்து, எண் வரும் இடத்துக்கு இலக்கம் இட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் இடம் மாற்றிக்கொள்ளலாம். பெட்டியையும் கொஞ்சம் அகலமாக வையுங்கள். ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டியில் தமிழ் எழுத்து பாதியில் வெட்டுப்பட்டு, "மணித்தி" என்று நிற்கிறது.

கண் தெரியாதவர்களும் எங்களைப் போன்ற வேலைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நிறம் மாறும் பட்டையால் ஒரு பயனும் இல்லை. திரைவாசிப்பான் வாசிக்கக்கூடிய எழுத்தாக அந்த எண் இருக்கவேண்டும். செக்கனுக்குச் செக்கன் வாசித்தால் மனிசர் வேறு வேலை பார்க்க முடியாது, ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை போதும்.

உங்கள் ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பிள்ளைகளின் இறுதியாண்டுச் செயற்றிட்டத்தைப் பார்வையிடும்போது, நீங்கள் எல்லோரும் பத்துப் பதிவோடுதான் ஓட்டிப் பார்க்கிறீர்கள். பத்துப் பதிவில் எந்தப் பட்டையும் அழகாக ஓடும். ஒரு தடவை பத்தாயிரம் பதிவைப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். ஓடும்போது திரையில் வந்த எண்ணையும் கடைசியில் எடுத்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அதற்கும் புள்ளி போடுங்கள்.

அந்தத் தம்பி மென்பொருளைத் திருத்திக்கொண்டிருக்கிறார். வேறு யாருக்காவது உண்மையான வேலையில் அளந்த நேரங்கள் தேவைப்பட்டால் என் கொப்பியைத் தருகிறேன். அதில் யாருடைய பெயரும் இல்லை, அடையாள அட்டை இலக்கமும் இல்லை. வேலை, பதிவுகளின் எண்ணிக்கை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அன்று கரண்ட் போனதா என்ற குறிப்பு, அவ்வளவுதான். மூன்று மாரி காலத்துக் கணக்கு இருக்கிறது. படமெடுத்துக்கொள்ளலாம். நேரில் வந்து எங்கள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பகல் இருந்து பார்க்க விரும்பினாலும் சந்தோசம். வருவதென்றால் மூன்று மணிக்குப் பிறகு வாருங்கள். பாதைக்குப் போகவேண்டிய சனம் அந்த நேரத்தில்தான் எழும்பி வந்து "எவ்வளவு நேரம் செல்லும்?" என்று கேட்கும்.

அன்புடன்,
எழுவான்கரையிலிருந்து ஒரு கணினி இயக்குநர்